வில்லங்கம் பத்திரத்தில் இல்லை, வாசற்படியில்! ஜாக்கி போட்டு 4 அடி தூக்கப்பட்ட தாம்பரம் வீடு

சென்னை,

48 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வீடு. பத்திரம் சுத்தம். பட்டா சுத்தம். பாங்கிக்காரர்களே பார்த்துத் தலையை ஆட்டிய வீடு. ஆனால், குடியேறிய 7-வது மாதமே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்!

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது அந்த வீடு. வீட்டுக்காரர் மாம்பலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். வயது 47. மனைவி தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு. பிளஸ்-2 படிக்கும் மகள். 19 வருஷம் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்கள். "சுவரிலே ஆணி அடிக்காதே, ராத்திரி 10 மணிக்கு மேலே மோட்டார் போடாதே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள்.

ஊரில் இருந்த பங்கு நிலத்தை விற்றார்கள். மனைவியின் நகை போயிற்று. மீதிக்கு இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி பாங்கியில் கடன் வாங்கினார்கள். 2023 மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில் புரோக்கர் அந்த வீட்டைக் காட்டினார். அரை கிரவுண்டு மனை. 1987-ல் கட்டிய 700 சதுர அடி வீடு. மொசைக் தரை. வாசலில் ஒரு முருங்கை, பின்னால் ஒரு தென்னை.

அதே தெருவில் மற்ற வீடுகளுக்கு 60 லட்சம் சொன்னார்கள். இதற்கு மட்டும் 48.

"அண்ணே, பையன் அமெரிக்காவிலே இருக்கான். அவசரமா விக்கிறாங்க. அதான் இந்த விலை. நாளைக்கு வந்தா இருக்காது" என்றார் புரோக்கர்.

இறங்கிப் போகிற வீடு

கணக்கு எழுதுகிறவர் அல்லவா, ஏமாறத் தயாராக இல்லை. வக்கீலிடம் போனார். 30 வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்தார். தாய்ப்பத்திரம், பட்டா, புல வரைபடம் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்தார். ஏரிப் புறம்போக்கா என்று விசாரித்தார்.

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டதும், புறநகரில் பணத்தைக் கொடுத்து விட்டு விழித்தவர்கள் எத்தனையோ பேர். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பது, செத்தவர் பெயரில் ஆளை நிறுத்திக் கையெழுத்துப் போடுவது எல்லாம் போலீசாருக்குப் புதிது அல்ல.

இந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றது. ஒரு குறையும் இல்லை. முத்திரைக் கட்டணம் உள்பட 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 4 லட்சத்து 32 ஆயிரம் ரூபாயைக் கட்டிப் பதிவு செய்தார். அந்த ஏப்ரலில்தான் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்தில் இருந்து 2 ஆகக் குறைத்திருந்தார்கள். 96 ஆயிரம் மிச்சம் என்று சந்தோஷம் வேறு! வழிகாட்டி மதிப்பை அதே நாளில் ஏற்றியதைப் பற்றி அவர் பேசுவது இல்லை.

வாஸ்து பார்க்க ஒருவரும் வந்தார். கிழக்கு வாசல், பிரமாதம் என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

மனைவியின் தாயார் மட்டும் வாசலிலேயே நின்று விட்டாராம். தெருவில் இருந்து கேட்டைத் திறந்தால் 3 படி கீழே இறங்க வேண்டும். "இறங்கிப் போற வீடு வேண்டாம்டி. வீடுன்னா ஏறிப் போகணும்" என்றார் அந்த அம்மாள். கிழவி பேச்சு என்று யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் புது பெயிண்டு. கொல்லையில் ஒரு மூலையில் நாலைந்து மணல் மூட்டை. அதையும் யாரும் கேட்கவில்லை.

மிச்சாங் இரவு

2023 டிசம்பர் 3-ந்தேதி இரவு. மிச்சாங் புயல் மழை பிடித்துக் கொண்டது. விடிவதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தெருவை விட 2 அடி பள்ளத்தில் இருந்த வீட்டுக்குள் கேட்க வேண்டுமா? முதலில் கக்கூஸ் வழியாகத்தான் வந்தது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிப் பொங்கி, நாற்றத்தோடு கூடத்துக்கு வந்தது. பிறகு வாசல் வழியாக மடமடவென்று புகுந்தது.

"ஏங்க, பிரிட்ஜ் மிதக்குதுங்க!" என்று மனைவி அலறினார். பிரிட்ஜ் குப்புற விழுந்து படகு மாதிரி ஆடிக் கொண்டிருந்தது. அரிசி, துணி, மகளின் பாடப்புத்தகம் எல்லாம் போயிற்று. மூன்று பேரும் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுப் பத்திரம் தப்பியது. அது பாங்கியில் அடமானத்தில் அல்லவா இருந்தது!

அப்போதுதான் தெருவாசிகள் பழைய கதையைச் சொன்னார்கள். 2015 டிசம்பர் 2-ந்தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாற்றில் வெள்ளம் புரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவு ஆயின. படகு வந்து ஆட்களை மீட்டது. இந்த வீட்டில் அன்று சன்னல் வரை தண்ணீர். விற்றவர் அந்த வருஷமே மேட்டுப் பகுதிக்கு ஜாகை மாறி விட்டார். இடையில் 7 வருஷம் வாடகைக்கு வந்தவர்கள் ஒவ்வொரு ஐப்பசிக்கும் காலி செய்தார்கள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கணக்கர் கேட்டார்.

"நீங்க கேக்கலையே சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

வீடு தாழவில்லை, ரோடு ஏறியது

1987-ல் இந்த வீடு தெருவை விட ஓர் அடி உயரமாகத்தான் இருந்தது. வீடு பூமிக்குள் இறங்கவில்லை. ரோடுதான் ஏறியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே ஜல்லி, அதன் மேல் தார். சில வருஷம் கழித்து இன்னொரு அடுக்கு. குழாய் பதிக்கத் தோண்டினால், மூடும்போது ஒரு மேடு. இப்படியே 36 வருஷத்தில் 3 அடி!

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்து விட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு வருவதற்கு முன்பே ஏறி விட்ட 3 அடியை யார் இறக்குவது?

தெருவில் வசதி உள்ளவர்கள் இடித்துக் கட்டினார்கள். ஒவ்வொருவரும் ரோட்டை விட 3 அடி, 4 அடி மேலே. அவர்கள் வாசலில் விழும் தண்ணீரும் பள்ளத்து வீட்டைப் பார்த்துத்தான் ஓடியது.

இடித்துக் கட்டக் கணக்கரிடம் பணம் இல்லை. விற்கலாம் என்றால் எந்தப் புரோக்கரும் 40-க்கு மேல் பேசவில்லை. அப்போது ஒருவர் சொன்ன யோசனைதான் ஜாக்கி!

"ஏக்... தோ... தீன்!"

லாரிக்கு டயர் மாற்றும்போது அடியில் வைப்பார்களே, அந்த மாதிரி ஜாக்கிதான். இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் அரியானா ஆட்கள். 2024 மார்ச்சில் மேஸ்திரியோடு 14 பேர் வந்து இறங்கினார்கள்.

முதலில் மின்சாரம், குழாய், கழிவுநீர் இணைப்பு எல்லாவற்றையும் துண்டித்தார்கள். மொசைக் தரையை உடைத்தார்கள். தூக்கும்போது சுவரும் கூரையும்தான் மேலே போகும், தரை வராது. சுவர் ஓரமாகக் கடைக்கால் வரை தோண்டி, செங்கல்லை இடம் விட்டு இடம் பெயர்த்து, அந்தப் பொந்துகளில் ஜாக்கிகளை நிறுத்தினார்கள். மேலே இரும்புச் சட்டம். கடைசியில் மொத்த வீடும் நூற்றுக்கு மேற்பட்ட ஜாக்கிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரி நடுவில் நின்று "ஏக்... தோ... தீன்" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே அளவுக்குத் திருக வேண்டும். ஒருவர் கூடுதலாகத் திருகினாலும் சுவர் விரிசல் விடும். ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான் ஏறும்.

கணக்கரின் மனைவி பயத்தில் சாப்பிடவே இல்லை. மேஸ்திரி சிரித்துக் கொண்டே ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிப் பரண் மேல் வைத்தாராம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், ஒரு சொட்டு சிந்தவில்லை!

ஆனால், இது விளையாட்டு வேலை அல்ல. 2022-ல் தாம்பரம் பக்கம் இதே மாதிரி வீட்டைத் தூக்கும்போது சுவர் இடிந்து வடமாநிலத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். என்ஜினீயர் ஒருவரை அழைத்துச் சுவரின் பலத்தைப் பார்க்காமல் ஜாக்கி வைக்கிறவர்கள் தங்கள் வீட்டோடு, பிழைக்க வந்தவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். கணக்கர் என்ஜினீயரை அழைத்தார். அதற்குத் தனிச் செலவு.

வீடு 4 அடி ஏறியது. ரோட்டுக்கு மேலே 2 அடி. சமையலறைச் சன்னலுக்கு மேல் ஒரு மயிரிழை விரிசல் தவிரச் சேதம் இல்லை. அடியில் செங்கல் கட்டி, உள்ளே கட்டிட இடிபாடும் மணலும் கொட்டி, புதுத் தரை போட்டார்கள். கழிவுநீர்த் தொட்டியையும் உயர்த்தினார்கள். எல்லாம் சேர்த்து 7 லட்சத்தைத் தாண்டி விட்டது. அந்த 2 மாதமும் வெளியே வாடகை, பாங்கியில் தவணை. மகளுக்கு எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் அதில் கரைந்தது.

ஊஞ்சலும் பாட்டியும்

வாசலில் இப்போது 4 படி. ஏறிப் போகிற வீடு! முன்னால் சின்னத் திண்ணை, கூடத்தில் ஊஞ்சல். மாலை ரெயிலைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து, கைகால் கழுவிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தால் தென்னங்காற்று வருகிறது. வீட்டுக்குள் அவர் அடித்த முதல் ஆணி, மாமனார் படத்துக்கு. யாரையும் கேட்காமல் அடித்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 74. கணவரின் பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். அந்த வீடும் அதே 1987-ல், அதே கொத்தனார் கட்டியது. அதே பள்ளம். முன்பு மழைத் தண்ணீரை இரண்டு வீடுகளும் பங்கு போட்டுக் கொண்டன. இப்போது கணக்கர் தன் மனையை மண் கொட்டி மேடாக்கி விட்டார். அவர் பங்குத் தண்ணீரும் பாட்டி வீட்டுக்கே!

2024 அக்டோபர் 15-ந்தேதி மழையில் இது வெட்டவெளிச்சம் ஆனது. வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டு போய் நிறுத்தினார்களே, அதே மழைதான். கணக்கர் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாட்டி வீட்டில் கட்டில் வரை.

"தம்பி, நீ மேலே ஏறிட்டே. உன் தண்ணியையும் என் வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டியே!" என்று பாட்டி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

கணக்கரால் பதில் சொல்ல முடியவில்லை. 2 ராத்திரி பாட்டி இவர்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். மழை விட்டதும் கணக்கர் மோட்டார் வாடகைக்கு எடுத்துத் தண்ணீரை இறைத்து விட்டார். பாட்டி வீட்டையும் தூக்கலாம் என்றால், ஓசூரில் இருக்கும் மகன் "அந்தப் பணத்துக்கு நீ இங்கே வந்து இரும்மா" என்கிறார்.

அடுத்த ஜனவரியில் ரோடு போட ஜல்லி லாரி வந்தது. தெருவே திரண்டு மறித்தது. பழைய தாரைச் சுரண்டினால்தான் ஆச்சு என்று உட்கார்ந்து விட்டார்கள். கணக்கர் அன்று கடைக்கு லீவு போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார். சுரண்டும் எந்திரம் வந்தது. ரோடு ஒரு சாண் கூடத் தாழவில்லை. ஆனால், மேலே ஏறவும் இல்லை.

அதே புரோக்கர்!

2025 மே மாதம். அதே அக்கினி வெயில். அதே புரோக்கர். பாட்டி வீட்டைப் பார்க்க ஒரு குடும்பத்தை அழைத்து வந்தார். சின்ன வயசுத் தம்பதி, கையில் குழந்தை. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் புது பெயிண்டு மின்னியது.

அந்தப் பெண் மட்டும் நைசாக இந்தப் பக்கம் வந்து, திண்ணையில் நின்ற கணக்கரின் மனைவியிடம் கேட்டார். "அக்கா, மழைக்குத் தண்ணி நிக்குமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டி நின்று கேட்டுக் கொண்டிருந்தார்.

"நிக்கும்மா. இடுப்பு வரைக்கும் நிக்கும். வாங்குறதா இருந்தா தூக்குற செலவைக் கழிச்சுப் பேசுங்க" என்றார் அவர்.

பாட்டி 50 கேட்டது 43-ல் முடிந்தது. அட்வான்ஸ் வாங்கிய நாளில் இருந்து பாட்டி இந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆவணியில் பதிவு முடிந்து, மகனோடு ஓசூருக்குக் கிளம்பும்போது வாசலில் ஆட்டோ நின்றது. கணக்கரின் மனைவி ஓடிப் போய் ஒரு பையில் முருங்கைக்காய் கொடுத்தார். பாட்டி வாங்கிக் கொண்டார். பேசவில்லை.

புதுத் தம்பதி அரியானா மேஸ்திரியின் போன் நம்பரைக் கணக்கரிடம் வாங்கினார்கள். அந்தத் தெருவில் இன்னும் பள்ளத்தில் நிற்பவை 3 வீடுகள்.