பெரும் பனிப்பாறைகளும் செயற்கைக்கோள் ரேடாரும்: ஏ68 பனிப்பாறையின் பயணம்

துருவக் கடல்களில் மிதந்து செல்லும் பெரும் பனிப்பாறைகளின் இடம், பரப்பு, நகர்வு ஆகியவற்றை விண்வெளியிலிருந்து நுண்ணலைகளை அனுப்பிக் கண்டறியும் முறையே செயற்கைக்கோள் ரேடார் கண்காணிப்பு. இம்முறை எப்படி இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அண்டார்க்டிகாவின் ஏ68 என்ற பனிப்பாறையைக் கொண்டே பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிலத்தின் மீது மெல்ல நகரும் பனித்திரள் பனியாறு. அது கடலுக்குள் நீண்டு, கரையோடு ஒட்டியபடியே மிதக்கும் பகுதி பனியடுக்கு. அதிலிருந்து முறிந்து தனியே மிதப்பது பனிப்பாறை. கடல்நீரே உறைந்து உண்டாகும் மெல்லிய கடற்பனி இவை மூன்றிலிருந்தும் வேறானது. இந்த நான்கையும் குழப்பி எழுதிய விடைத்தாள்களைப் பல ஆண்டுகள் திருத்தியவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருளில் நடந்த முறிவு

அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள லார்சன் சி பனியடுக்கிலிருந்து 2017 ஜூலை 10க்கும் 12க்கும் இடையில் ஏ68 முறிந்தது. பரப்பு ஏறக்குறைய 5,800 சதுர கிலோமீட்டர். அதாவது கோவா மாநிலத்தைவிடப் பெரியது. எடை ஒரு லட்சம் கோடி டன்னுக்கும் மேல். அப்போது அங்கே நடுக்குளிர்காலம். பகல் என்று சொல்லத்தக்க வெளிச்சமே இல்லை. சாதாரண ஒளிப்படக் கருவியால் அங்கு எதையும் எடுக்க முடியாது. வெப்பக் கதிர்களைப் பதிவுசெய்யும் கருவிகள் இருளில் பயன்படும் என்றாலும், மேகம் மூடினால் அவையும் செயலற்றுவிடும். விரிசல் நீண்டுகொண்டே வந்ததை மாதக்கணக்கில் விடாமல் காட்டியவை ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள்கள்.

ஏ68 என்ற பெயர் அமெரிக்கத் தேசியப் பனி மையம் இட்டது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடலை ஏ, பி, சி, டி என நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, பிறந்த பகுதியின் எழுத்தோடு வரிசை எண்ணைச் சேர்ப்பார்கள். உடைந்தால் துண்டுகளுக்கு ஏ68ஏ, ஏ68பி என்று பின்னொட்டு வரும்.

ரேடார் எதைப் பார்க்கிறது?

சென்டினல்-1 சுமார் 693 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அது அனுப்பும் நுண்ணலையின் நீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். இந்த அலைகள் மேகத்தை எளிதில் ஊடுருவும். சூரிய ஒளி தேவையில்லை, விளக்கைத் தானே ஏந்திச் செல்வதுபோல. அதன் அலைவாங்கி ஏறக்குறைய 12 மீட்டர் நீளந்தான். அதை மட்டும் நம்பினால் சில கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே செயற்கைக்கோள் நகரும்போது வழிநெடுகப் பெற்ற எதிரொலிகளைக் கணினியில் ஒன்றுசேர்த்து, கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஓர் அலைவாங்கி இருந்ததுபோன்ற விளைவைப் பெறுகிறார்கள். அதனால் 400 கிலோமீட்டர் அகலமான பரப்பை ஒரே வீச்சில் எடுத்தும், சில பத்து மீட்டர் அளவுள்ள நுட்பம் கிடைக்கிறது.

கிடைப்பது ஒளிப்படம் அன்று. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். படத்தில் வெண்மையாக இருப்பது வெள்ளை நிறப் பொருள் அல்ல. ரேடாரை நோக்கி அதிக அலையைத் திருப்பி அனுப்பிய பொருள். குளிர்ந்து உலர்ந்த பனிக்குள் அலை சிறிது ஊடுருவி, பனிமணிகளிலும் காற்றுக்குமிழிகளிலும் பட்டுச் சிதறித் திரும்புவதால் பனிப்பாறை பளிச்சென்று தெரியும். அமைதியான கடல் கண்ணாடிபோல் அலையை அப்பால் தள்ளிவிடுவதால் கருமையாகத் தெரியும். காற்று பலமாக வீசி, கடல் கொந்தளித்தால் கடலும் வெளுத்துவிடும், வேறுபாடு மங்கும். கோடையில் பனிப்பாறையின் மேற்பரப்பு இளகி நீர் கசிந்தாலோ நிலைமை தலைகீழ். ஈரப்பனி அலையை விழுங்கிவிடுவதால், முந்தின வாரம் வெண்மையாக இருந்த அதே பாறை கருந்திட்டாகக் காட்சி தரும். சுற்றிலும் கடற்பனி இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எனவே கணினி நிரல்கள் துணைசெய்தாலும், அனுபவமுள்ள கண் ஒன்று கடைசியில் தேவைப்படுகிறது.

ஒரே இடத்தைச் சென்டினல்-1 செயற்கைக்கோள் ஒன்று 12 நாட்களுக்கு ஒருமுறையே அதே கோணத்தில் பார்க்கும். துருவங்களுக்கு அருகே சுற்றுப்பாதைகள் நெருங்குவதால் இடைவெளி குறைகிறது. நாள்தோறும் பார்க்க இன்னொரு வகை ரேடாரும் உண்டு. கடற்காற்றை அளப்பதற்கான சிதறல்மானி அது. நுட்பம் குறைவு, ஆனால் பரப்பு மிகப் பெரிது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பராமரிக்கும் பனிப்பாறைத் தரவுத்தொகுப்பு இவ்வகைக் கருவிகளைச் சார்ந்தது. 2009இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நமது ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளின் சிதறல்மானியும் அதற்குப் பயன்பட்டது.

தெற்கு ஜார்ஜியாவை நோக்கி

ஏ68 முதலில் ஓராண்டுக்கு மேல் அதிகம் நகரவில்லை. பிறகு வெடல் கடலைக் கடந்து வடக்கே ஏறி, 2020 டிசம்பரில் தெற்கு ஜார்ஜியா தீவை நெருங்கியது. அங்கே பென்குயின்களும் சீல்களும் குஞ்சு, குட்டிகளை வளர்க்கும் பருவம் அது. தீவைச் சுற்றியுள்ள கண்டத்திட்டில் கடல் பல இடங்களில் 200 மீட்டர் ஆழங்கூட இல்லை. பாறை அங்கே தரைதட்டி நின்றுவிட்டால், இரை தேடச் செல்லும் தாய்கள் நெடுந்தொலைவு சுற்றிவர வேண்டும். அதுவரை குஞ்சுகள் பட்டினி. 2004இல் ஏ38 பனிப்பாறையின் பெருந்துண்டு அங்கு நின்றபோது, இறந்த பென்குயின் குஞ்சுகளும் சீல் குட்டிகளும் கரையில் காணப்பட்டன.

தரைதட்டுமா என்பதற்கு மேலிருந்து எடுத்த படம் விடை தராது. தடிமன் தெரிய வேண்டும். இதற்கு உதவுவது கிரையோசாட்-2 போன்ற உயரமானிச் செயற்கைக்கோள். அது நேர் கீழே அலையை அனுப்பி, நீருக்கு மேல் பாறை எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும். மிதப்பு விதிப்படி மீதியைக் கணக்கிடலாம். ஆனால் நீருக்கு மேலுள்ளது சிறு பங்கே என்பதால், உயரத்தில் 1 மீட்டர் பிழை தடிமனில் 8 மீட்டர் அளவுக்குப் பெருகிவிடும். மேலும் உயரமானி கிழிப்பது ஒரு கோடுதான். பாறையோ சுழன்றுகொண்டே நகர்கிறது. சென்ற மாதம் அளந்த கோடும் இந்த மாதக் கோடும் வேறு வேறு பகுதிகளில் விழும். அதனால் ரேடார் படத்திலுள்ள பாறையின் வடிவத்தைத் திருப்பிப் பழைய வடிவத்தோடு பொருத்தி, எந்தக் கோடு எங்கே விழுந்தது என்று கண்டபின்பே ஒப்பிட முடிகிறது. இந்தப் பொறுமையான வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படிக் கணக்கிட்டதில், தொடக்கத்தில் சராசரியாக 235 மீட்டர் தடிமன் இருந்த பாறை, 67 மீட்டர் மெலிந்திருந்தது தெரியவந்தது. அது கண்டத்திட்டின் விளிம்பை உரசியதாகவே தெரிகிறது; நின்றுவிடவில்லை. துண்டு துண்டாக உடைந்து விலகிச் சென்றது. தீவின் அருகில் இருந்த மூன்று மாதங்களில் சுமார் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் கலந்தது என்பது 2022இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு.

2021 ஏப்ரலில் எஞ்சிய துண்டுகள் கண்காணிப்புக்குரிய அளவிலிருந்து குறைந்துவிட்டன. கண்காணிப்பு நின்றது, ஆபத்து நின்றதாகச் சொல்ல முடியாது. வீட்டளவுள்ள பனித்துண்டு கப்பலைச் சேதப்படுத்தப் போதும். அகன்ற பரப்பை எடுக்கும் ரேடார் படத்தில், அதுவும் அலைகளுக்கு நடுவே, அது பெரும்பாலும் தெரிவதில்லை.

1986இல் முறிந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் வெடல் கடலில் தரைதட்டிக் கிடந்த ஏ23ஏ என்ற பனிப்பாறையும் இதே வழியில் வந்து, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியாவுக்கு அருகே தரைதட்டியது. சில மாதங்களில் அங்கிருந்து நகர்ந்து உடைந்தது.