பரணில் உறங்கும் இசைத்தட்டுகள்

அண்மையில் எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்ட முற்பட்டனர். பரணைக் காலி செய்தபோது தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. அதனுள் நாற்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள்! மறைந்த பெரியவர் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பழைய பொருள்களை எடைக்கு வாங்குபவரோ வாசலில் தராசுடன் காத்திருந்தார்.

"இந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்குமே, பாட்டி! இவை எதற்கு?" என்றான் பேரன். பாட்டி மறுமொழி கூறவில்லை. ஓர் உறையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், சாமி" என்றார் மகன்.

இக்கேள்வி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

தட்டு வந்த வழி

1877இல் எடிசன், ஒலியை உருளையில் பதித்துக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1887இல், எமில் பெர்லினர் உருளையைக் கைவிட்டுத் தட்டையான வட்டத் தட்டை உருவாக்கினார். 1902இல் கல்கத்தாவில் கவுஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் தட்டில் ஏறிற்று. அந்நாளைய தட்டுகளில் முதன்மையாகச் சேர்ந்த பொருள் அரக்கு. அது நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் சுரப்பது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாகவே இசை அடங்கும். மணிக்கணக்கில் இராகம் பாடிய வித்துவான்கள், அதன் சாரத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் பிழிந்து தர நேர்ந்தது.

1948இல் வினைல் என்னும் பொருளாலான நெடுந்தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை. அந்த ஒரு பக்கத்தின் வரிப்பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நீளும்!

எது துல்லியம்?

தட்டின் ஒலியே உயர்ந்தது என்று சாதிப்போர் உண்டு. உண்மை அவ்வாறன்று. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிகிறது. மனிதச் செவி கேட்கக்கூடிய மேல்வரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதனைக் குறைவின்றி மீட்டுத் தர அவ்வளவீடு போதும். மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் இடையிலான வீச்சும் குறுந்தகட்டில் மிகுதி. தட்டிலோ ஊசி உராய்கிறது; தூசி பொரிகிறது. விளிம்பில் விநாடிக்கு ஐம்பது செண்டிமீட்டர் ஓடும் பள்ளம், நடுவை நெருங்கும்போது இருபதாகக் குறைய, ஒலியின் தெளிவும் குன்றுகிறது. இன்று வெளிவரும் புதிய தட்டுகள் பலவும் டிஜிட்டல் மூலப்பதிவிலிருந்தே அச்சாகின்றன என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆயினும் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்பனையாயின. குறுந்தகடுகளோ 3 கோடியே 30 இலட்சமே. பலர் வாங்குகின்றனர் என்பதாலேயே ஒரு பொருள் பயனுள்ளதாகிவிடுமா? ஆகாது. அப்படியாயின் தட்டுக்குரிய மதிப்புதான் யாது?

மூன்று காரணங்கள்

முதலாவது, பழைய பதிவுகள் யாவும் டிஜிட்டல் வடிவம் பெற்றுவிடவில்லை. 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் இசை மூலநாடாக்கள் பல அழிந்தன. மூலநாடா அழிந்த பின், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டே அவ்விசைக்கு எஞ்சிய சாட்சியாகலாம்.

இரண்டாவது, தட்டு நம் உடைமை. மாதச் சந்தா செலுத்திக் கேட்கும் பாடலோ இரவல். சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மூன்றாவதே தலையாயது எனக் கருதுகிறேன். தட்டு நம்மை உட்காரச் செய்கிறது. கைப்பேசியில் கோடிப் பாடல்கள் இருப்பதாலேயே, எதனையும் இறுதிவரை கேளாமல் தாவுகிறோம். தட்டை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, ஊசியை இறக்கியவர் எளிதில் எழுந்து போகமாட்டார்.

எனினும், கேளாத தட்டை அலமாரியில் அடுக்கிப் பெருமை பேசுவதும், குடும்பச் செலவைக் குறைத்து அரிய தட்டுகளைத் தேடி அலைவதும் இசைப்பற்று ஆகா. அது பொருள்பற்று.

பேணும் முறை

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப் போல் நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் வெப்பமும் வினைலை வளைத்துவிடும். பள்ளங்களில் விரல் படாமல் விளிம்பைப் பிடியுங்கள். 78 சுற்றுத் தட்டுகளைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். அவற்றின் பள்ளம் அகன்றது. அதற்கென்று தனி ஊசி வேண்டும். கையால் சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை வைத்தால், அதன் கனத்த ஊசி தட்டைக் கீறிவிடும்.

அந்தக் குடும்பத்துக்கு நான் கூறியது இதுவே: "முதலில் பட்டியல் எடுங்கள். பிறகு கேளுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்." தராசுக்காரர் அன்று பழைய இரும்பை மட்டும் கொண்டு சென்றார். பட்டியலை ஒப்பிட்டதில், திரைப்பாடல்கள் பெரும்பாலும் கைப்பேசியில் கிடைத்தன. ஆனால் ஒரு நாதசுரத் தட்டும், ஒரு நாடகத் தட்டுத் தொகுதியும் பேரன் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அவற்றை, பழைய இசைத்தட்டுகளைப் பேணும் நூலகம் ஒன்றுக்குக் கொடுக்க முடிவு செய்தனர். பாட்டி விரும்பிய பத்துத் தட்டுகள் வீட்டில் தங்கின. எஞ்சியவற்றைக் கேட்க விரும்பியவர்கள் பெற்றுச் சென்றனர்.

பாட்டி மடியில் வைத்திருந்த உறையின் பின்புறம், மூத்த மகள் பிறந்த நாளைப் பெரியவர் தம் கையால் குறித்திருந்தார். இரவல் வாங்கிய கருவியில் அத்தட்டைச் சுழலவிட்டனர். ஒரு பக்கம் முடிந்து அமைதியாயிற்று. "அடுத்த பாட்டு ஏன் வரவில்லை?" என்று கேட்டான் பேரன்.

"எழுந்து போய்த் திருப்பிப் போடு, கண்ணு" என்றார் பாட்டி.

அவன் எழுந்து சென்று திருப்பிப் போட்டான். பின்னர் பாட்டியின் அருகில் வந்து அமர்ந்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.