பிள்ளைக்குக் கொடுக்கும் பனடோல்: கண்ணளவு போதாது

இடம்பெயர்ந்த குடும்பங்கள் அவசரத்தில் எடுத்துவரும் பொருள்களுள் பனடோல் பாணிமருந்துப் போத்தலும் ஒன்று. தடுப்பூசி போட்ட இரவிலும், பல் முளைக்கும்போதும், காரணம் தெரியாமல் பிள்ளை அழும்போதும் அதையே தேடுகிறோம். வைத்தியரின் துண்டு இல்லாமலே கடையில் வாங்கக்கூடியது என்பதால், அது மருந்து என்பதையே மறந்துவிடுகிறோம்.

அண்மையில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் தாய்மார் சிலருடன் இதுபற்றி உரையாடினோம். "பாதர், போத்தலோட வந்த அளவு மூடி துலைஞ்சு போச்சுது. தேத்தண்ணிக் கரண்டியாலதான் குடுத்தனான்" என்றார் ஒரு தாய். இன்னொருவர் தமது ஆறு மாதப் பிள்ளைக்குப் பெரியவர்களின் குளிசையில் பாதியைக் கரைத்துக் கொடுத்திருந்தார். மூன்றாவது தாயின் வீட்டில் அவர் ஒருபுறம் மருந்து கொடுக்க, அது தெரியாமல் அம்மம்மாவும் கொடுத்திருக்கிறார். போதாததற்குத் தடிமலுக்கு வாங்கிய பாணியிலும் அதே மருந்து இருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்காமல் சத்தி எடுத்தபோதுதான் வைத்தியசாலைக்கு ஓடினார்கள். இறைவன் அருளால் பிள்ளை சுகமாக வீடு திரும்பியது.

இவர்களில் எவரும் அக்கறையற்ற தாய் அல்லர். அன்பு இருந்தது, அளவு மட்டுமே தவறியது.

எப்படி அளப்பது?

பனடோல் என்று நாம் அழைக்கும் மருந்தின் பெயர் பரசிற்றமோல். சரியான அளவில் அது குழந்தைக்குப் பாதுகாப்பானது. அந்த அளவைத் தீர்மானிப்பது பிள்ளையின் வயதைவிட நிறையே. ஒரு கிலோ நிறைக்கு ஒரு தடவையில் 15 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. இரு தடவைகளுக்கிடையே ஆறு மணித்தியாலம் செல்லவேண்டும். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கொடுக்கலாகாது.

5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால், 8 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீற்றரும், 4 கிலோப் பிள்ளைக்கு அதில் பாதியும் போதும். பெரியவர்களின் குளிசையில் 500 மில்லிகிராம் உண்டு. அதன் பாதிகூட 8 கிலோப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் அதிகம். சொட்டு மருந்துகள் சில இன்னும் செறிவானவை. ஆகவே போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் ஊற்றவேண்டாம்.

வீட்டுக் கரண்டியை நம்பமுடியாது. 2010இல் கிரேக்க நாட்டில் வீடுகளிலிருந்த தேக்கரண்டிகளை அளந்து பார்த்தபோது, சிலவற்றில் 2.5 மில்லிலீற்றரும் வேறு சிலவற்றில் 7 மில்லிலீற்றருக்கு மேலும் பிடித்தன. வயலுக்கு மருந்தடிக்கும்போது தாங்கிக்கு இவ்வளவு என்று அளந்தே ஊற்றுகிறோம். பயிருக்குக் காட்டும் அந்தக் கவனம் பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் கிருமிநாசினி அளந்த மூடியை எக்காரணம் கொண்டும் பிள்ளையின் மருந்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அளவு மூடி தொலைந்திருந்தால், மருந்துக்கடையில் ஊசியில்லாத புதிய சிறிஞ் ஒன்று வாங்குங்கள். பிள்ளையின் நிறை கிளினிக் புத்தகத்தில் உண்டு. சரியான அளவைக் குடும்பநல மாதுவிடம் கேட்டு அதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். அம்மம்மாவும் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அளவு கூடிவிட்டால், பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று விடியும்வரை காத்திருக்கவேண்டாம். பரசிற்றமோல் ஈரலைத் தாக்குவது முதல் நாளில் வெளியே தெரியாது. மாற்று மருந்து உண்டு. அளவு மீறிய எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் அது நன்கு பலனளிக்கும். போத்தலையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

காய்ச்சல் தணிந்தால் நோய் மாறிவிட்டதா?

இல்லை. இம்மருந்து காய்ச்சலையும் நோவையும் தணிக்குமே தவிர, நோயின் காரணத்தை நீக்காது. 2017இல் நம் நாட்டில் 1,80,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பீடித்தது. அந்நோயில் காய்ச்சல் விடும் வேளையே ஆபத்தான வேளையாக இருக்கலாம். டெங்குச் சந்தேகம் உள்ளபோது அஸ்பிரினோ இபுபுரோபெனோ கொடுத்தால் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். ஆகவே அவற்றை வீட்டில் கொடுக்கவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால், அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். எந்தப் பிள்ளையானாலும் காய்ச்சல் இரண்டு நாளைக் கடந்தால் தாமதிக்கவேண்டாம். பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, சோர்ந்து மயங்குதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள்.

காணியையும் வீட்டையும் விட்டுவந்த நம்மிடம் எஞ்சியிருக்கும் பெருஞ்செல்வம் நம் பிள்ளைகளே. இன்றிரவே அந்தப் போத்தலை எடுத்து, விளக்கடியில் வைத்து, அதில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.