காய்ச்சலே இல்லாமலும் வரும் செப்சிஸ்: பச்சிளங்குழந்தையிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

"பாப்பாவுக்குக் காய்ச்சலே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி இன்ஃபெக்‌ஷன்?" பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்குக் கிருமி தொற்றினால் உடம்பு கொதிக்கும், குளிர் எடுக்கும், எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தையிடம் இந்தக் கணக்கு செல்லாது. ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தைக்கு உடம்பு சுடுவதற்குப் பதிலாகச் சில்லிட்டுப் போகலாம். அழுவதற்குப் பதிலாக அமைதியாகிவிடலாம். அந்த அமைதியைப் பார்த்து "பிள்ளை நல்லா தூங்குது, எழுப்பாதீங்க" என்று வீட்டில் சொல்வதில்தான் சில முக்கியமான மணி நேரங்கள் போய்விடுகின்றன.

பிறந்த முதல் 28 நாட்களுக்குள் கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் பாதிப்பதை 'நியோநேட்டல் செப்சிஸ்' என்கிறார்கள். உலகம் முழுவதும் 2022-ல் மட்டும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் இறந்துபோயின. இந்த இறப்புகளுக்கு மூன்று பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று குறைப்பிரசவம், இன்னொன்று பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், மூன்றாவது நோய்த்தொற்று. மூன்றில் வீட்டில் இருப்பவர்களின் கண்ணுக்கு முதலில் தட்டுப்படக்கூடியது நோய்த்தொற்றுதான்.

எதைப் பார்த்து சந்தேகப்படணும்?

முதல் அறிகுறி பால். நேற்று வரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று மார்பில் வாய் வைத்து இரண்டு இழு இழுத்துவிட்டுச் சோர்ந்துபோகிறது, அல்லது வாயே வைக்கவில்லை என்றால், அதை 'மந்தம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் தரும் ஆபத்து அறிகுறிகளில் முதல் வரிசையில் இருப்பது இதுதான்.

அடுத்தது அசைவு. தொட்டால், தட்டினால் மட்டும் அசைகிறது, மற்றபடி துணி மாதிரி தொங்குகிறது என்றால் உடனே கிளம்ப வேண்டும். வலிப்பும் அப்படித்தான். பச்சிளங்குழந்தையின் வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல இருக்காது. கண் ஒரு பக்கமாகச் செருகுவது, வாயைச் சப்புக்கொட்டுவதுபோல அசைப்பது, ஒரு கை மட்டும் விட்டுவிட்டு வெட்டுவது என்று நுணுக்கமாக வரும்.

மூச்சை எண்ணுவதற்கு உங்கள் போனில் இருக்கும் டைமரே போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை இங்கே உதவாது. பச்சிளங்குழந்தைகள் சில நொடி வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்குவது இயல்பு. ஒரு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அதே எண்ணிக்கை என்றால் ஆஸ்பத்திரிதான். மூச்சு இழுக்கும்போது மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதி நன்றாக உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டு நிற்கக்கூட வேண்டாம்.

வெப்பநிலைக்கு அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரியான அளவு. 100.4-ஐத் தொட்டாலும் ஆபத்து, 95.9-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லையென்றால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் குளிர் படுகிறது என்று அர்த்தம். அம்மாவின் மார்போடு சேர்த்துப் போர்த்தினால் சரியாகலாம். வயிறும் குளிர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது.

இவற்றோடு தொப்புளைச் சுற்றித் தோல் சிவப்பது, சீழ் வைப்பது, உடம்பில் பத்துக்கு மேல் சீழ்க்கொப்புளம், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள். இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். 'இன்னொண்ணும் சேர்ந்து வரட்டும், பார்ப்போம்' என்று இருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடலாம். போகும் வழியில் குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு ஒட்டவைத்துப் போர்த்திக்கொண்டு போவது கட்டாயம்.

டாக்டருக்கே உடனே தெரியாதா?

தெரியாது என்பதுதான் உண்மை. பல குடும்பங்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். "இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம்னு சொல்றாங்க, இருக்குன்னு சொல்ல மாட்டேங்குறாங்க, ஆனா ஊசி மட்டும் போடுறாங்க."

செப்சிஸை உறுதிப்படுத்தும் சோதனை ரத்த கல்ச்சர். குழந்தையின் ரத்தத்தை ஊட்டச்சத்து திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஆகும். பெரியவர்களிடம் எடுப்பதுபோல தாராளமாக ரத்தம் எடுக்கவும் முடியாது. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லிதான். அதில் ஒரு மில்லி எடுப்பதே பெரிய விஷயம். அளவு குறைந்தால் கிருமி இருந்தும் கல்ச்சரில் சிக்காமல் போகலாம். சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனை சீக்கிரம் கிடைக்கும்தான். ஆனால் தொற்று தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் அந்த அளவு ஏறும். சிரமமான பிரசவத்துக்குப் பிறகு தொற்றே இல்லாமலும் ஏறும். ஒரே ஒரு சி.ஆர்.பி. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பதில் பெரிய பயன் இல்லை.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் சோதனைக்கு நம்மூரில் இருக்கும் பயம் தனி. 'கால் விளங்காமப் போயிடும்' என்று கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. கிருமி மூளை உறைவரை போயிருக்கிறதா என்பது இந்த நீரில்தான் தெரியும். சாதாரண செப்சிஸுக்கு 7 முதல் 14 நாள் மருந்து போதும் என்றால், சில வகை மூளைக்காய்ச்சலுக்கு 21 நாள் தேவை. சோதனை செய்யாமல் விட்டால் பாதி வழியில் மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

அதனால் டாக்டர்கள் ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். வழக்கமான முதல் ஜோடி ஆம்பிசிலின், ஜென்டாமைசின். 36 முதல் 48 மணி நேரத்தில் கல்ச்சர் சுத்தமாக வந்து குழந்தையும் தெளிவாக இருந்தால் நிறுத்திவிடலாம். இப்படி நிறுத்துவதைப் பார்த்து 'தேவையில்லாம ஊசி போட்டுட்டாங்க' என்று நினைக்கத் தோன்றும். நிறுத்தாமல் இழுத்தடிப்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். தேவையில்லாமல் நீளும் ஆன்டிபயாட்டிக், குறைமாதக் குழந்தைகளின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது.

கிருமி எங்கேயிருந்து வருது?

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை. அதற்குப் பிறகு வருவது இன்னொரு வகை. முதல் வகை அம்மாவிடமிருந்து வருகிறது என்பது மேலைநாட்டுப் பாடப்புத்தகக் கணக்கு. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆவது, பிரசவ நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல், குறைப்பிரசவம் ஆகியவை அதற்கான எச்சரிக்கைகள். அமெரிக்காவில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியாவைக் கர்ப்பிணிகளிடம் முன்கூட்டியே சோதித்து, பிரசவ நேரத்தில் மருந்து கொடுத்தே இந்த நோயைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள்.

இந்தியாவின் கதை வேறு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளில் 14.3 சதவீதம் பேருக்கு செப்சிஸ். அதில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கல்ச்சரில் அதிகம் சிக்கியவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ-கோலை. முதல் இரண்டும் ஆஸ்பத்திரிச் சூழலில் வாழப் பழகிய கிருமிகள். அசினெட்டோபாக்டரில் பத்தில் எட்டுக்கு மேல் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதவை. கல்ச்சரில் செப்சிஸ் உறுதியான குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதி பிழைக்கவில்லை.

இந்த எண்களைப் படித்துவிட்டு வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் அது விபரீதம். ஆய்வு நடந்தது நாட்டின் சிக்கலான பிரசவங்கள் வந்து சேரும் இடங்களில். ஆனால் இதில் ஒரு விஷயம் தெளிவாகிறது. குழந்தைக்குத் தொற்று வந்ததும் அம்மாவின் சுத்தத்தையும் பாட்டியின் கைப்பக்குவத்தையும் மட்டும் குறை சொல்லும் பழக்கம் பாதி உண்மையைத்தான் பார்க்கிறது. பிரசவ அறையின் குழாயில் தண்ணீர் வருகிறதா, ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகள் படுக்கின்றனவா என்ற கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் டாக்டர்களும் திணறுகிறார்கள். இந்தியா உட்பட 11 நாடுகளில் 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2023-ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு 200-க்கும் மேற்பட்ட ஆன்டிபயாட்டிக் கூட்டுகள் பயன்படுத்தப்பட்டது தெரிந்தது. எது சரி என்பதில் உலகத்துக்கே இன்னும் ஒத்த கருத்து இல்லை என்றுதான் இதற்குப் பொருள்.

கட்சிரோலி காட்டிய வழி

கையில் பெரிய ஆஸ்பத்திரியே இல்லாத இடத்திலும் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் சாட்சி. டாக்டர் தம்பதி அபய் பங்க், ராணி பங்க் நடத்தும் 'சர்ச்' அமைப்பு, 1990-களில் 39 கிராமங்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வீடு வீடாகப் போய்க் குழந்தையை எடை போட்டு, மூச்சை எண்ணி, பால் குடிப்பதைப் பார்த்து, செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால், குடும்பத்தின் சம்மதத்தோடு அவர்களே ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். மூன்றாவது ஆண்டில், பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. இன்று பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் சுகாதாரப் பணியாளர்கள் தேடி வந்து குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்துக்கு வித்து அங்கேதான். அவர்கள் கதவைத் தட்டும்போது 'நாங்க பிரைவேட்ல பாத்துக்கிறோம்' என்று அனுப்பிவிட வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்யணும்?

செய்வதைவிடச் செய்யாமல் விட வேண்டியவை அதிகம். தொப்புள்கொடியில் மஞ்சள், எண்ணெய், பவுடர், சாம்பல் எதுவும் வேண்டாம். உலர்ந்து தானாக விழட்டும். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வேண்டாம். கல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்து, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, குளிப்பாட்டும்போது வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது எல்லாமே கிருமிக்குத் திறந்துவிடும் கதவுகள். பிறந்த முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம்.

மாமியாரிடமோ பாட்டியிடமோ இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "டாக்டர் திட்டுவாங்க பாட்டி" என்று பழியை டாக்டர் மேல் போடுவது பல வீடுகளில் வேலை செய்கிறது. புதிதாக அம்மா ஆனவரைத் தனியாகச் சண்டை போட விடாமல், இந்தப் பேச்சை அப்பா எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

செய்ய வேண்டியவற்றில் முதலிடம் சீம்பாலுக்கு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும் அந்த மஞ்சள் பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைய இருக்கின்றன. அடுத்தது கங்காரு முறை, அதாவது எடை குறைந்த குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து வைத்திருப்பது. இதை அப்பாவும் செய்யலாம். பிறந்த உடனே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று, டெல்லி உட்பட ஐந்து இடங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கை கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு போனை எடுத்து போட்டோ பிடித்துவிட்டு அதே கையால் குழந்தையைத் தூக்கினால் கழுவியதற்குப் பலனே இல்லை. ஜலதோஷம், வாய்ப்புண் இருப்பவர்கள் முத்தம் கொடுப்பதைத் தள்ளிப்போடட்டும். பெயர்சூட்டு விழாவில் ஐம்பது பேர் கை மாற்றித் தூக்குவதையும்தான்.

புரோபயாட்டிக் பற்றியும் ஒரு வார்த்தை. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒரு வாரம் கொடுத்த குறிப்பிட்ட வகை நல்ல பாக்டீரியா, செப்சிஸையும் இறப்பையும் சேர்த்து 40 சதவீதம் குறைத்தது. அது நிறை மாதத்தில் அல்லது அதை நெருங்கிப் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகளிடம் கிடைத்த முடிவு. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கிக் கொடுக்கலாம் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரித்திருக்கிறது.

செப்சிஸிலிருந்து மீண்டு வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் கல்ச்சர் முடிவும், கொடுத்த மருந்துகளும், எத்தனை நாள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூளைக்காய்ச்சலும் ஜென்டாமைசின் வகை மருந்துகளும் காது கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியவை என்பதால், செவித்திறன் சோதனை எப்போது என்பதையும் அன்றைக்கே கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.