ஜீப் வண்டியின் முன்னச்சும் பெட்ரோற் செலவும்

நான்கு சக்கரங்களும் இயந்திரத்தால் உந்தப்பெறும் வண்டிகளை உடையாரிடத்து நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையொன்று உண்டு. சேறும் மணலும் இல்லாத நல்ல பாதையிலே முன்சக்கரங்களை உந்துதற்குரிய உறுப்புகள் யாதொரு பயனுமின்றிச் சுழல்கின்றன. அவற்றின் தொடர்பை அறுத்துவிட்டால் பெட்ரோற் செலவு பெரிதும் குறையும் என்பதே அது. இது முழுப்பொய்யன்று. ஆயினும் 'பெரிதும்' என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருளுண்டு என்பதை அளந்து பாராது ஸ்பானரை கையிலெடுத்தல் தகாது. கழற்றத்தகாததைக் கழற்றினால் பெட்ரோலைக் காட்டிலும் விலையுயர்ந்தவை இழக்கப்படலாம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளத் தக்கது இவ்வகை வண்டிகளுக்கெல்லாம் முன்னோடியாகிய வில்லிஸ் ஜீப். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையார், எடை குறைந்ததும் நாற்சக்கர உந்துதல் உடையதுமாகிய வண்டியொன்று வேண்டுமென்று 135 தொழிற்சாலைகளுக்கு எழுதினர். பாண்டம் என்னும் சிறு நிறுவனமே முதல் மாதிரியைச் செய்தளித்தது. பின்னர் வில்லிஸ் நிறுவனமும் போர்டு நிறுவனமும் 1941 முதல் 1945 வரை ஏறக்குறைய ஆறு லட்சத்து நாற்பதினாயிரம் வண்டிகளைச் செய்து குவித்தன. போர் முடிந்தபின் அவ்வினத்து வண்டிகளைப் பம்பாயில் இணைத்துச் செய்யும் தொழிலை மஹீந்திரா நிறுவனம் மேற்கொண்டது. நம் மலைநாட்டுப் பாதைகளில் இன்றும் ஏறியிறங்கும் ஜீப்புகள் அவ்வழி வந்தனவே.

அவ்வண்டியின் அமைப்பு வருமாறு. இயந்திரத்தின் சுழற்சி கியர்ப்பெட்டியைக் கடந்து, அதனை அடுத்துள்ள பகிர்வுப் பெட்டியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு தண்டு பின்னச்சிற்கும், மற்றொரு தண்டு முன்னச்சிற்கும் செல்கின்றன. ஓட்டுபவர் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலை அசைத்தால் முன்தண்டிற்குச் செல்லும் ஆற்றல் நின்றுவிடும். நல்ல பாதையில் அவ்வாறு செய்தே தீரவேண்டும். ஏனெனின், வளைவுகளில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் சற்றுப் பெரிய வட்டத்தில் செல்லுகின்றன. இருதண்டுகளும் ஒன்றோடொன்று பிணைந்திருக்குமாயின் இவ்வேறுபாடு டயர்கள் தரையில் தேய்ந்து வழுக்குவதனாலன்றித் தீராது. சேற்றில் அவ்வழுக்கல் எளிதில் நிகழும். உலர்ந்த தார்ச்சாலையிலோ டயரும் பற்சக்கரமும் எரிபொருளும் ஒருங்கே வீணாகும்.

நெம்புகோலை விலக்கியதோடு முன்னுறுப்புகள் ஓய்ந்துவிட்டன என்று பலர் எண்ணுகின்றனர். அங்குத்தான் பிழை. ஆற்றல் முன்னிருந்து செல்லவில்லையே தவிர, தரையில் உருளும் முன்சக்கரங்கள் தம்மோடு பிணைந்த அரைத்தண்டுகளையும், டிபரன்சியலையும், அதன்வழியே நீண்ட முன்தண்டையும் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே செல்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 450 முறை சுழலும். டிபரன்சியலின் பல்விகிதம் 4.88 ஆதலின், முன்தண்டு 2,200 முறைக்குச் சற்றுக் குறையச் சுழலும். வேலை யாதும் செய்யாத ஒரு தண்டுக்கு இஃது அற்பமான வேகமன்று.

இச்சுழற்சியைத் தடுக்கவே போர்க்காலத்திற்குப்பின் 'ஹப்' என்னும் சக்கரக்குடத்தில் அமையும் பிணைப்பான்கள் தோன்றின. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1948ஆம் ஆண்டில் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய நிறுவனம், படையினின்று கழிக்கப்பட்ட ஜீப்புகளுக்கு இவற்றைச் செய்து விற்றது. குடத்தின் முகப்பிலுள்ள திருகியை ஒருபுறம் திருப்பினால் சக்கரம் அரைத்தண்டோடு பிணையும். மறுபுறம் திருப்பினால் தண்டு அசையாதிருக்கச் சக்கரம் தானே உருளும். அவ்வாறு விடுவித்தபோது அரைத்தண்டு, டிபரன்சியல், முன்தண்டு ஆகிய எல்லாம் ஓய்வு பெறுகின்றன. போர்க்கால ஜீப்பில் இவ்வசதி வைக்கப்படாமைக்கும் காரணம் விளங்குகின்றது. குண்டுமாரியின் நடுவே சேற்றிலிறங்கிக் குடத்தைத் திருகிக்கொண்டிருக்க எந்தப் படைவீரன் உடன்படுவான்?

இனி, மிச்சமாகும் ஆற்றல் எவ்வளவு? பற்சக்கரங்களில் உண்டாகும் இழப்பு இருவகைப்படும். ஒன்று, பல்லும் பல்லும் பாரத்தோடு அழுந்தி வழுக்குவதனால் வருவது. இது சுமைக்கேற்ப வளரும். மற்றொன்று, எண்ணெயைக் கலக்குவதனாலும், தாங்கிகளாலும், எண்ணெயடைப்பு வளையங்களின் உராய்வாலும் வருவது. சுமையில்லாதபோதும் இஃது உண்டு. ஆற்றல் செல்லாத முன்னச்சில் முதலாம் இழப்பு ஏறக்குறைய இல்லையாகும், எஞ்சுவது இரண்டாவதே. பின்னச்சு இவ்வளவு இழக்கின்றது, ஆகையால் முன்னச்சும் அவ்வளவே இழக்கும் என்று கணக்கிடுவோர் வழுவுவது இவ்விடத்திலேதான். மேலும், தொடர்பை அறுப்பதனால் வண்டியின் எடை ஒரு குன்றிமணியளவும் குறைவதில்லை. தண்டு சுழன்றாலும் சுழலாவிடினும் அதனைச் சுமந்துதான் செல்லவேண்டும்.

ஓர் உத்தேசக் கணக்கைப் பார்ப்போம். ஏறக்குறைய 1,100 கிலோகிராம் எடையுள்ள ஜீப் சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, டயர்களின் உருளல் தடை 20 கிலோகிராம் விசையென்றும், காற்றின் தடை 27 கிலோகிராம் விசையென்றும் கொள்ளலாம். கூட்டுத்தொகை 47. சூடேறிய எண்ணெயோடு வீணே சுழலும் முன்னுறுப்புகளின் தடை டயரின் விளிம்பில் 2 கிலோகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதனை நீக்கினால் வண்டியின் பாரம் நூற்றுக்கு நான்கு பங்களவு குறையும். ஆனால் எரிபொருள் அவ்வளவு குறையாது. பெட்ரோல் இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவும் காற்றை உள்ளிழுக்கவும் ஒரு கணிசமான பங்கைச் செலவிடுகின்றது. வெளிப்பாரம் குறைந்தாலும் அப்பங்கு குறைவதில்லை. ஆகவே மிச்சம் நூற்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை என்றளவில் நிற்கும். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி இன்னும் 200 மீட்டர் ஓடும். ஆண்டுக்குப் பதினாயிரம் கிலோமீட்டர் ஓடுவோர்க்கு 30 லிட்டர் மிச்சம்.

இதே கணக்கைக்கொண்டு வேறொன்றையும் நோக்குக. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுவது. 60 கிலோமீட்டரிலிருந்து வேகத்தை 58க்கு இறக்கினால், அக்காற்றுத்தடையிலேயே ஏறக்குறைய 2 கிலோகிராம் குறைந்துவிடும். அஃதாவது, குடத்தைத் திருகிப் பெறும் இலாபத்தை வலக்காலைச் சற்றே தளர்த்தியும் பெறலாம். மாறாக, முன்னச்சை விடுவித்த பெருமையில் 80 கிலோமீட்டருக்கு விரைவாரேல், காற்றுத்தடை 48 கிலோகிராமாக உயர்ந்து, மிச்சம் பிடித்ததுபோற் பத்துமடங்கு கூடுதலாகக் கேட்கும்.

அளந்து பார்க்க விரும்புவோர்க்கு ஒரு வழி கூறுவோம். வண்டியின் முன்பாகத்தை உயர்த்தி நிறுத்தி, டயரைச் சுற்றிய கயிற்றை விற்றராசினால் இழுத்து, பிணைத்தபோதும் விடுவித்தபோதும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் இழுத்தால் ஏமாந்துபோவீர்கள். டிபரன்சியலின் இயல்பினால் எதிர்ச்சக்கரம் மறுபுறமாகச் சுழல, முன்தண்டு அசையாமலே நிற்கும். இரு சக்கரங்களையும் ஒரே திசையில் ஒருங்கே இழுத்தல் வேண்டும். மெல்லச் சுழற்றும்போது எண்ணெய் கலங்கும் தடை முழுதும் தோன்றாது என்பதும் நினைவிலிருக்கட்டும். பெட்ரோல் நிரப்பி ஓட்டிப்பார்க்கும் சோதனையோ இதற்குப் போதாது. எதிர்க்காற்று, டயரின் காற்றழுத்தம், வழியில் நின்ற முறைகள் ஆகிய இவற்றுள் ஒன்றே லிட்டருக்கு 200 மீட்டரை விழுங்கிவிடும். ஒரே முறை ஓட்டிவிட்டு 'ஒன்றரைக் கிலோமீட்டர் கூடிற்று' என்பாருடைய கூற்றை நாம் புன்னகையோடு கேட்டுக்கொள்வதே முறை.

தனியொருவர்க்கு இவ்வளவு சிறிதாகிய இலாபம் வண்டி செய்வோர்க்கு அங்ஙனமன்று. 1984ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஜீப் செரோக்கியில், முன்னச்சின் ஒருபக்கத் தண்டை வெற்றிடத்தின் இழுப்பாற் பிரித்துவைக்கும் அமைப்பு இருந்தது. குழாய்கள் ஒழுகி அது பலர்க்குத் தொல்லை தந்தது. 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. எனினும் இலட்சக்கணக்கான வண்டிகளின் சராசரிச் செலவை அரசாங்கத்தார் கணக்கெடுக்கும் இக்காலத்தில், நூற்றுக்கு ஒன்றும் பொருளுடையதாயிற்று. 2014ஆம் ஆண்டு மாதிரிச் செரோக்கியில் வேண்டாதபோது பின்னச்சின் தொடர்பு தானே அறும்படி அமைத்தனர். முன்னதைப் பிரித்த பெயரிலேயே பின்னதையும் பிரித்தது ஒரு வேடிக்கை.

குடத்திற் பிணைப்பான் இல்லாதார் சிலர் முன்தண்டைக் கழற்றிவைக்கின்றனர். இதனால் அத்தண்டின் அதிர்வும் மூட்டுகளின் தேய்வும் நீங்கும். டிபரன்சியலும் அரைத்தண்டுகளும் முன்போலவே சுழலுமாதலின் பெட்ரோல் மிச்சம் மிகச் சிறிது. ரேஞ்ச் ரோவர்போல, 1970 முதற்கொண்டு நடு டிபரன்சியலோடு எப்பொழுதும் நான்கு சக்கரங்களையும் உந்தும் வண்டிகளில், நடுப்பூட்டை இடாமல் முன்தண்டைக் கழற்றினால் இயந்திரம் உறுமும், வண்டியோ நகராது. அரைத்தண்டையே உருவிவிடத் துணிவோர் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பழைய ஜீப்பில் சக்கரத்தின் தாங்கிகள் தனியே நிற்பன. ஆனால் பிற்கால வண்டிகள் பலவற்றில் ஒரே கட்டாக அமைந்த தாங்கியை இறுக்கிப்பிடிப்பது அவ்வரைத்தண்டின் வெளிமுனையும் அதன் பெருநட்டுமே. அதனை உருவிவிட்டு ஓட்டினால் தாங்கி பிரிந்து சக்கரமே கழன்றோடும். மலைவளைவில் அது நிகழுமானால் முப்பது லிட்டர் பெட்ரோலைப்பற்றிப் பேச ஒருவரும் இரார்.

மற்றுமோர் இடர் பலரும் அறியாதது. போர்க்கால ஜீப்பில் முன்னச்சைப் பிணைத்தாலன்றித் தாழ்வேகக் கியர் விழாது. அக்கியர் சுழல்விசையை ஏறக்குறைய இருமடங்காக்குவதால், அதனைப் பின்னச்சு ஒன்றே தாங்கலாகாது என்று கருதி அவ்வாறு அமைத்தனர். குடங்களை விடுவித்தபடியே தாழ்வேகத்தில் ஏற்றமேறினால், நெம்புகோல் முன்னச்சு பிணைந்ததாகக் காட்டும். விசை முழுதும் பின்னரைத்தண்டுகளின்மேலேயே விழும். அவை முறிந்த கதைகள் பல.

குடங்களை விடுவித்து ஓட்டுவோர் மாதம் ஒருமுறையேனும் அவற்றைப் பிணைத்துச் சில கிலோமீட்டர், நெம்புகோலை விலக்கியபடியே, ஓட்டுதல் நன்று. நெடுநாள் அசையாதிருக்கும் டிபரன்சியலில் எண்ணெய்மட்டத்திற்கு மேலுள்ள பற்களும் தாங்கிகளும் உலர்ந்து துருப்பிடிக்கும். எண்ணெயடைப்பு வளையங்களும் விறைக்கும். மழைக்காலம் தொடங்குமுன் திருகிகளை இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். சேறு இறுகிய குடம், வேண்டியபோது பிணையாது.