நாற்காலியில் உட்கார்ந்தும் யோகம் செய்யலாம்!

யோகம் என்றதும், தலைகீழாக நிற்கும் வாலிபர்தான் கண்முன் வருவார். "நமக்கு எங்கே அதெல்லாம்?" என்று மதுரைப் பக்கத்து மூட்டுவலிப் பாட்டி ஒதுங்கி விடுவார். அந்தப் பாட்டிக்கும் யோகம் உண்டு என்று காட்டியவர், சென்னையில் வாழ்ந்த டி.கே.வி.தேசிகாச்சார்.

என்ஜினீயர் மகன்

1938-ல் பிறந்தவர். என்ஜினீயரிங் படித்தவர். தந்தை கிருஷ்ணமாச்சாரியார் புகழ்பெற்ற யோக ஆசிரியர். மகனுக்கோ அதில் நாட்டம் இல்லை.

1961-ல் ஒரு நாள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மாள், ஓடிவந்து தந்தையைக் கட்டிப் பிடித்தார்! ஆசாரமான குடும்பம் அது. மகன் திகைத்துப் போனார்.

பல ஆண்டுகளாக அந்த அம்மாளுக்கு மாத்திரை போட்டால்தான் தூக்கம். முதல் நாள் இரவு மாத்திரை இல்லாமலே தூங்கினாராம்!

மகன், கிடைத்த வேலையை வேண்டாம் என்றார். தந்தைக்குச் சீடர் ஆனார்.

ஆளுக்கு ஏற்ற ஆசனம்

தையற்காரர் அளவெடுப்பது போல, ஆளைப் பார்த்துப் பயிற்சி கொடுப்பது இவர்கள் வழி. முழங்கால் மடங்காதா? நாற்காலியில் உட்காரலாம். மூச்சை இழுத்தபடி கையை உயர்த்தி, மூச்சை விட்டபடி இறக்கினால் அதுவும் யோகமே. (யோகா தினத்தன்று மைதானத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி வளையச் சொல்கிறோமே!)

1976-ல் தந்தையின் பெயரால் சென்னையில் யோக மந்திரம் தொடங்கினார், தேசிகாச்சார். 2016-ல் காலமானார்.

அந்தத் தந்தைக்கே 96-வது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையில் படுத்தபடியே தமக்கு ஏற்ற பயிற்சிகளை அமைத்துக் கொண்டார். 1989-ல், 100 வயதில்தான் மறைந்தார்.