மனக்கவலை மாத்திரைக்குப் பகை எவை?

பாலாற்றங்கரையில் உள்ள மேல்விஷாரம், தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போலவே இங்கும் பல குடும்பங்கள் தோலை நம்பி வாழ்கின்றன. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் வேலை குறையும். வேலை குறைந்தால் வீட்டில் கவலை கூடும்.

கவலை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கவலை வேறு, கவலை நோய் வேறு. நெஞ்சு படபடக்கிறது. கை நடுங்குகிறது. இரவில் தூக்கம் இல்லை. காரணம் இல்லாமல் பயம் வருகிறது. இது வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். அவர் சில சமயம் மாத்திரை எழுதித் தருவார்.

மாத்திரை குணம் தரும். ஆனால் அதனுடன் வேறு எது வயிற்றுக்குள் போகிறது? இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

மாத்திரை பிறந்த கதை

லியோ ஸ்டெர்ன்பாக் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த 'லிப்ரியம்' 1960-இல் விற்பனைக்கு வந்தது. 1963-இல் 'வாலியம்' வந்தது. வாலியத்தில் உள்ள மருந்தின் பெயர் டயசிபாம். அல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம் எல்லாம் அதே குடும்பம்தான்.

நம் மூளையில் வேகத்தைத் தணிக்கும் பொருள் ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் வேலையைக் கூட்டுகின்றன. வண்டிக்குப் பிரேக் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். பிரேக் அளவோடு இருந்தால் நல்லது. அதிகமானால்?

முதல் பகை மது

மதுவும் மூளைக்குப் பிரேக் போடும் பொருள்தான். மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் இரண்டு பிரேக்கும் ஒன்றாக விழும். மயக்கம் ஆழமாகும். மூச்சு மெதுவாகும். சில சமயம் நின்றே போகலாம். "கொஞ்சம்தானே குடித்தேன்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

குடிக்காதவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் தூக்கம் தருபவை. கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் என்ற வலி மாத்திரையும் அதைவிடப் பொல்லாதவை. கவலை மாத்திரையோடு சேர்ந்தால் இவையும் மூச்சைத் தாக்கும். அமுக்கரா போன்ற நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். இரவு மாத்திரை சாப்பிட்டார். சளிக்கு என்று கடையில் இன்னொரு மாத்திரையும் வாங்கி விழுங்கினார். காலையில் தோல் சீவும் இயந்திரத்தின் முன் நிற்கிறார். கண் சொக்குகிறது. கை போகும் இடம் கத்தி! லாரி ஓட்டுகிறவருக்கும் இதே ஆபத்துதான்.

பழமும் பாலாடைக்கட்டியும்

உணவு மருந்தோடு சண்டை போடுமா? போடும்.

மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் முன்பு ஒரு வகை மாத்திரை அதிகமாகக் கொடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கும் வந்தது. பாலாடைக்கட்டி தின்ற பிறகே அது வருவதை அவர் கவனித்தார். பாரி பிளாக்வெல் என்ற டாக்டர் 1963-இல் இதை உலகுக்குச் சொன்னார். பழைய பாலாடைக்கட்டியில் உள்ள ஒரு பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது என்பது தெரிய வந்தது. அந்த மாத்திரைகள் இன்று அபூர்வம்.

1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் வேறொரு விந்தையைக் கண்டார்கள். கிரேப்புரூட் என்ற பழத்தின் சாறு, ரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் அளவை உடலில் கூட்டிவிட்டது. டயசிபாம் போன்ற சில கவலை மாத்திரைகளுக்கும் அது பொருந்தும். நம் ஊர் பம்பளிமாஸ் அந்தப் பழத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

டீயும் காப்பியும் அளவோடு இருக்கட்டும். அவையே படபடப்பைத் தூண்டும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, டீ மறுபக்கம் இழுக்கும்.

பிரியாணி போன்ற கொழுப்பு உணவுக்குப் பின் சாப்பிட்டால் மாத்திரை வேலை செய்யச் சற்றுத் தாமதமாகலாம். "ஒன்றும் பலிக்கவில்லையே" என்று இன்னொன்றை விழுங்கிவிடாதீர்கள்!

நோன்பு நாளில்

ரமலான் மாதத்தில் மாத்திரை நேரம் மாறும். பகல் மாத்திரையையும் சேர்த்து நோன்பு திறந்ததும் இரண்டாக விழுங்குவது தவறு. மாத்திரையை அடியோடு விட்டுவிடுவதும் தவறு. மாதம் பிறக்கும் முன்பே டாக்டரிடம் போனால், இஃப்தாருக்கும் சஹருக்கும் ஏற்றபடி நேரத்தை அவர் மாற்றித் தருவார். நோயாளி நோன்பைப் பிறகு நிறைவேற்ற மார்க்கத்திலேயே சலுகை உண்டு.

மாத்திரைக்கு மாத்திரை பகை

காசநோய்க்கான ரிபாம்பிசின், டயசிபாமின் பலத்தைக் குறைக்கும். அதே நோய்க்கான ஐசோனியாசிட் அதைக் கூட்டும். வயிற்று எரிச்சலுக்கான ஒமிபிரசோலும் கூட்டும். கிளாரித்ரோமைசின் அல்பிரசோலத்தைக் கூட்டும்.

இன்று கவலை நோய்க்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவையும் அதிகம் தரப்படுகின்றன. அவற்றோடு ஆஸ்பிரின், இபுபுரூபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படலாம். படபடப்புக்குத் தரும் புரோபிரானலால், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

திடீரென்று நிறுத்தலாமா?

கூடாது. டயசிபாம் குடும்பத்து மாத்திரைகளைப் பல வாரம் சாப்பிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பும் வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பழகிப்போகும் மருந்து என்பதால்தான் 2014 மார்ச் முதல் இவற்றில் சிலவற்றுக்குச் சட்டம் கடுமையானது. சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரக் கூடாது. வாங்குபவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு 1957 முதல் பாகாயத்தில் நடக்கிறது. நோயாளியோடு உறவினரும் தங்குவது அதன் சிறப்பு. குடும்பமும் மருந்தில் பாதி என்பதுதான் காரணம்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். எழுத வராதா? காலி அட்டைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது.

கவலை நோய் வெட்கப்பட வேண்டியது அல்ல. மறைத்துச் சாப்பிடும் மாத்திரைதான் ஆபத்தானது!